கெயினைக் குறைத்தால் ஃபேஸ் நகர்கிறது: 28 ஜிகாஹெர்ட்ஸ் வி.ஜி.ஏ. பற்றி ஒரு கேள்வி

தருமபுரி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரியில் முதுநிலைப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எட்டு ஆன்டெனாக்கள் கொண்ட மில்லிமீட்டர் அலை ரிசீவர் ஒன்றில் ஒரு கிளைக்கு வேண்டிய வி.ஜி.ஏ.வை (கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, மாற்றக்கூடிய ஆம்ப்ளிஃபையர்), 65 நானோமீட்டர் சிமாஸ் சிப் தொழில்நுட்பத்தில் 28 ஜிகாஹெர்ட்ஸுக்கு வடிவமைத்து வருகிறேன். கிளையின் வரிசை இப்படி: முதலில் எல்.என்.ஏ. (இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர்), அடுத்து ஃபேஸ் ஷிஃப்டர் (அலையின் கட்டமான ஃபேஸை நகர்த்துவது), அதற்கடுத்து வி.ஜி.ஏ. எட்டுக் கிளைகளும் அதற்குப் பிறகு ஒன்றாகச் சேர்கின்றன.

நான் எடுத்துக்கொண்டது டிஃபரென்ஷியல் கேஸ்கோடு, அதாவது டிரான்சிஸ்டர்மேல் டிரான்சிஸ்டர் அடுக்கி, எதிரெதிராக ஆடும் இரு பக்கங்களாக அமைத்தது. கீழே எம்1 சிக்னலைக் கரண்டாக மாற்றுகிறது. அதன் தலைமேல் எம்2, எம்3 என்று சம அகலத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் உள்ளன. எம்2 வழியாகப் போகும் கரண்ட் 150 பிகோஹென்றி லோடு இண்டக்டருக்குச் செல்கிறது. எம்3 வழியாகப் போவது நேரே சப்ளைக்குச் சென்று வீணாகிறது. எம்1-இன் கரண்டைத் தொடாமல், மேலே உள்ள பங்கீட்டை மட்டும் மாற்றிக் கெயினைக் குறைக்கிறேன். ஆகவே உள்வாயில் மேட்சிங் (இம்பீடன்ஸ் பொருத்தம்) பெரிதாகக் குலையவில்லை. உச்ச கெயின் 11 டெசிபெல். அங்கிருந்து 15 டெசிபெல் கீழே இறக்க முடிகிறது.

என் சிக்கல் மூன்று. முதலாவது, கெயினைக் குறைக்கும்போது வெளிவரும் சிக்னலின் ஃபேஸ் மொத்தம் 22 பாகை முன்னேறிவிடுகிறது. அதுவும் சீராக இல்லை: முதல் 6 டெசிபெல்லுக்குள் 10 பாகை ஏறுகிறது, 6 முதல் 10 டெசிபெல் வரை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது, அதன்பின் மறுபடி ஏறுகிறது. இரண்டாவது, கெயின் 15 டெசிபெல் குறைந்த பின்னும் உள்வாயில் 1 டெசிபெல் கம்ப்ரெஷன் அளவு (சிக்னல் வலுத்துக் கெயின் 1 டெசிபெல் சரியும் இடம்) -12 டிபிஎம்மிலிருந்து -11 டிபிஎம்முக்கு மட்டுமே உயர்கிறது. மூன்றாவது, நாய்ஸ் ஃபிகர் (சர்க்யூட் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 5.5 டெசிபெல்லிலிருந்து 14 டெசிபெல்லுக்குப் போய்விடுகிறது. மூன்றில் எதை முதலில் பிடிப்பது, இந்த அமைப்பையே கைவிட வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓசூர்வாசி எழுதியது:

வணக்கம், தங்கை. கைவிட வேண்டாம். நீங்கள் செய்திருப்பது கழனிக்குப் போகும் நீரை மடைமாற்றி விடுவது போன்ற ஏற்பாடு. ஆற்றில் வரும் நீர் குறைவதில்லை. கழனிக்கு எவ்வளவு, வடிகாலுக்கு எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. எம்1-இன் பயாஸை (டிசி இயக்க நிலையை) இறக்கிக் கெயினைக் குறைப்பவர்கள் மேட்சிங்கையும் லீனியாரிட்டியையும் ஒருசேர இழக்கிறார்கள். அதைவிட உங்கள் வழி மேல். ஆனால் மடைவாயில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றில் முதலில் பிடிக்க வேண்டியது ஃபேஸ். 4 பிட் ஃபேஸ் ஷிஃப்டரின் ஒரு படி 22.5 பாகை என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் வி.ஜி.ஏ. தானாகவே ஏறத்தாழ ஒரு முழுப் படியை நகர்த்திவிடுகிறது. சைடுலோபை (பீமின் பக்கவாட்டில் எழும் வேண்டாத கிளையை) தாழ்த்துவதற்காக ஓரத்துக் கிளைகளின் கெயினைக் குறைத்தால், அந்தக் கிளைகளின் ஃபேஸ் மட்டும் தவறிப்போய், தாழ்த்த நினைத்த சைடுலோபே மறுபடி தலைதூக்கும்.

உங்கள் வளைவு நடுவில் அசையாமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் அந்த வடிவம் வருகிறது.

முதற்காரணம் எம்1-இன் ட்ரெயினும், எம்2, எம்3 இரண்டின் சோர்ஸும் சந்திக்கும் நடுமுனை. அங்கே 60 ஃபெம்டோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருப்பதாகவும், முழுக் கெயினில் எம்2-இன் ஜிஎம் (வோல்டேஜைக் கரண்டாக மாற்றும் திறன்) 20 மில்லிசீமன்ஸ் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அகலங்கள் எனக்குத் தெரியாததால் இது மாதிரிக் கணக்குதான். அந்த முனையின் போல் (அதற்குமேல் சிக்னல் தளரத் தொடங்கும் அலைவெண்) 53 ஜிகாஹெர்ட்ஸில் விழும். 28 ஜிகாஹெர்ட்ஸில் அது தரும் பின்னடைவு ஏறத்தாழ 28 பாகை. இப்போது கரண்டைச் சரிபாதியாகப் பிரித்தால், ஜிஎம் கரண்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்ற சதுர விதிப்படி ஒவ்வொன்றின் ஜிஎம்மும் பாதியாகாமல் 0.71 மடங்காகத்தான் குறையும். ஆகவே இரண்டின் கூட்டுத்தொகை 1.41 மடங்காக உயர்ந்து, போல் 75 ஜிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்து, பின்னடைவு 20 பாகை அளவுக்குக் குறைகிறது. அதாவது கெயின் சரியாக 6 டெசிபெல் குறைந்த இடத்தில் 7 பாகை முன்னேற்றம். அதற்குமேல் எம்3 பக்கம் கரண்ட் சாயச் சாய, கூட்டுத்தொகை மீண்டும் இறங்கி, 15 டெசிபெல்லில் முன்னேற்றம் 4 பாகையாகச் சுருங்குகிறது. இது மேடு போன்ற வளைவு. 65 நானோமீட்டரில் சதுர விதி முழுமையாகப் பொருந்தாது என்பதால் மேடு சற்றுத் தாழ்வாக இருக்கலாம், ஆனால் இருக்கும்.

இரண்டாவது காரணம் கசிவு. எம்2-இன் சோர்ஸுக்கும் ட்ரெயினுக்கும் இடையே விரல் விரலாக ஓடும் மெட்டல் கோடுகளே 3 ஃபெம்டோஃபாரட் தந்துவிடும். நடுமுனையின் வோல்டேஜ் அந்த வழியாக லோடுக்குள் நேரே கசிகிறது. மேற்சொன்ன 20 மில்லிசீமன்ஸை வைத்துப் பார்த்தால், கசியும் கரண்ட் முழுக் கரண்டில் 2.6 விழுக்காடு, அதுவும் 90 பாகை முன்னால் நிற்கிறது. முழுக் கெயினில் இது ஒன்றரைப் பாகைதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் கெயினை 15 டெசிபெல் குறைத்துவிட்டால் உண்மையான கரண்ட் 0.18 பங்காகிவிடுகிறது. கசிவு குறைவதில்லை. அந்த இடத்தில் ஃபேஸ் பிழை 8 பாகையைத் தாண்டும். மேட்டையும் இந்த ஏற்றத்தையும் கூட்டிப் பாருங்கள்: 6 டெசிபெல்லில் 10, 10 டெசிபெல்லில் 11, அதன்பின் ஏற்றம். உங்கள் வளைவு இதேதான்.

மீதி 9 அல்லது 10 பாகை பெரும்பாலும் லோடிலிருந்து வருகிறது. 150 பிகோஹென்றி 28 ஜிகாஹெர்ட்ஸில் ஒத்திசைய 215 ஃபெம்டோஃபாரட் வேண்டும். லோடின் கியூ (ஒத்திசைவின் கூர்மை) 8 என்றால், அந்த 215-இல் வெறும் 4 ஃபெம்டோஃபாரட் குறைந்தாலே ஃபேஸ் எட்டரைப் பாகை ஓடும். எம்2 மெலிந்துபோகும்போது அதன் ட்ரெயின் பக்கம் அவ்வளவு மாறுவதில் வியப்பில்லை.

மருந்தும் மூன்று இடத்தில்தான். டிஃபரென்ஷியல் என்பதால், இரு பக்க நடுமுனைகளுக்கும் குறுக்கே ஏறத்தாழ 1.1 நானோஹென்றி இண்டக்டர் ஒன்றை வைத்து அந்த 60 ஃபெம்டோஃபாரட்டை ஒத்திசைவில் அழித்துவிடுங்கள். இரு முனைகளும் ஒரே டிசி வோல்டேஜில் இருப்பதால் தடுப்புக் கெபாசிட்டர் தேவையில்லை. கியூ மோசமாக இருந்தாலும் பாதகமில்லை. கசிவுக்கு, எம்2-ஐப் போலவே ஒரு டிரான்சிஸ்டரைக் கேட்டை மூடிவைத்து, எதிர்ப்பக்க நடுமுனையிலிருந்து இந்தப் பக்க லோடுக்கு இணையுங்கள். ஒரு கசிவை எதிர்க்கசிவு தின்றுவிடும். கடைசியாக லோடின் கியூவை 5 அல்லது 6-க்கு இறக்குங்கள். கெயினில் இரண்டரை முதல் நான்கு டெசிபெல் போகும், போகட்டும்.


காவேரிப்பட்டினம் ஆசிரியர் எழுதியது:

அம்மா, தம்பி ஃபேஸைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு மட்டும் நான் வருகிறேன். அவை உங்கள் சர்க்யூட்டின் பிழைகள் அல்ல. அந்த அமைப்பின் இயல்பு.

கம்ப்ரெஷன் அளவு ஏன் உயரவில்லை? உள்ளே வரும் சிக்னல் முழுவதையும் எம்1 எப்போதும் அப்படியே தாங்குகிறது. நீங்கள் குறைப்பது அதற்கு மேலே. வெளிவாயில் நெருக்கடி இருந்தால் அது தீரும். எம்1-இன் கேட்டில் உள்ள நெருக்கடி எள்ளளவும் தீராது. ஆகவே வலுவான சிக்னல் வரும்போது ரிசீவரைக் காப்பாற்றும் வேலையை இந்த வி.ஜி.ஏ.விடம் ஒப்படைப்பது தவறு. அதற்கு எல்.என்.ஏ.வில் இரண்டு மூன்று படிகளோ, அதன் பின்னால் ஒரு சுவிட்ச் அட்டெனுவேட்டரோ வைக்க வேண்டும்.

நாய்ஸ் ஏறுவதற்கும் காரணம் எளிது. எம்3 மூடியிருக்கும்போது எம்2-இன் நாய்ஸ் கரண்ட் தனக்குள்ளேயே சுழன்றுவிடும், ஏனென்றால் அதன் சோர்ஸைப் பார்த்தால் உயர்ந்த இம்பீடன்ஸ். எம்3 திறந்த உடன் அங்கே தாழ்ந்த இம்பீடன்ஸ் வந்துவிடுகிறது. எம்2-இன் நாய்ஸ் முழுவதும் லோடுக்குப் போய்ச் சேர்கிறது. சிக்னல் குறைந்து நாய்ஸ் கூடுகிற நிலை இது. ஆனால் 14 டெசிபெல் என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். முன்னால் உள்ள எல்.என்.ஏ.வும் ஃபேஸ் ஷிஃப்டரும் சேர்ந்து 18 டெசிபெல் கெயினும் 3 டெசிபெல் நாய்ஸ் ஃபிகரும் தந்தால், அடுத்தடுத்த நிலைகளின் நாய்ஸைக் கூட்டும் ஃப்ரீஸ் சூத்திரப்படி மொத்தம் 3.8 டெசிபெல்தான் வரும். அதே முன்பகுதியின் கெயின் 10 டெசிபெல் மட்டுமே என்றால் 6.4 ஆகிவிடும். ஆகவே வி.ஜி.ஏ.வின் நாய்ஸைத் தனியே வைத்து மதிப்பிடாதீர்கள்; முன்னால் என்ன நிற்கிறது என்பதையும் எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. 15 டெசிபெல் என்ற வீச்சை எங்கிருந்து எடுத்தீர்கள்? பல ஆய்வுக் கட்டுரைகள் வீச்சைப் பெரிதாகக் காட்டுவதையே பெருமையாகக் கொள்கின்றன. தேவையைக் கணக்கிட்டுப் பாருங்கள். எதிர்முனை 50 மீட்டரிலிருந்து 500 மீட்டருக்குப் போனால் வழி இழப்பு 20 டெசிபெல் கூடும். மணிக்கு 50 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஐப்பசி மழை கொட்டினால், 28 ஜிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 டெசிபெல் என்று வைத்து, அரைக் கிலோமீட்டருக்கு நாலரை. இந்த 25 டெசிபெல்லையும் ஆன்டெனாவுக்கு அருகிலேயே சமாளிக்க வேண்டுமென்று யார் சொன்னார்கள்? எட்டுக் கிளைகளும் சேர்ந்து, அலைவரிசை இறங்கிய பின், பேஸ்பேண்டில் ஒரே வி.ஜி.ஏ. இதை எளிதாகச் செய்யும்; அங்கே ஃபேஸ் நகர்ந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே நகர்வதால் பீம் கலையாது. கிளைக்குள் இருக்கும் வி.ஜி.ஏ.வுக்கு உள்ள வேலை, கிளைகளுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதும் ஓரங்களைத் தாழ்த்துவதும்தான். அதற்கு 8 அல்லது 10 டெசிபெல் போதும். அந்த அளவோடு நின்றால் உங்கள் வளைவில் கடைசியாக வரும் ஏற்றமே தேவைப்படாது.

போகிற போக்கில் ஒன்று. நம் நாட்டில் 2022 ஏலத்தில் விடப்பட்டது 24.25 முதல் 27.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. 28-ஐ மையமாக வைத்தால் நீங்கள் வேறு நாட்டுக்கு வடிவமைக்கிறீர்கள். தடையில்லை; ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்பார்கள்.


பர்கூர் நண்பன் எழுதியது:

இந்த இழை எனக்கும் பயன்பட்டது. எங்களுக்கு 65 நானோமீட்டர் ஃபைல்கள் கிடைக்காததால், ஜெர்மனியின் ஐ.எச்.பி. நிறுவனம் திறந்து வைத்திருக்கும் 130 நானோமீட்டர் சிலிக்கான் ஜெர்மேனியம் பி.டி.கே.வை (சிப் வடிவமைப்புக் கோப்புத் தொகுப்பை) என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டரிலும் கேலேஅவுட் வரைவு மென்பொருளிலும் வைத்து இதே சர்க்யூட்டை முயன்றோம். நடுமுனை மேடு எங்களுக்குக் கிட்டத்தட்ட வரவே இல்லை. பைபோலாரில் ஜிஎம் கரண்டுக்கு நேர்விகிதமாக இருப்பதால், எப்படிப் பிரித்தாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை என்பது ஓசூர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஆனால் கெயினை 10 டெசிபெல்லுக்குமேல் குறைத்தபோது கசிவு எங்களையும் விடவில்லை.


தருமபுரி மாணவி எழுதியது:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன். நடுமுனைக்கு இண்டக்டர் வைத்ததும் முதல் மேடு 2 பாகைக்குள் அடங்கிவிட்டது. என் டிரான்சிஸ்டர்களுக்கு 1.1 அல்ல, 0.9 நானோஹென்றியே போதுமாக இருந்தது. மூடிய டிரான்சிஸ்டரைக் குறுக்கே இணைத்ததும், 10 டெசிபெல் வீச்சில் மொத்த நகர்வு 4 பாகை. உச்ச கெயின் 11-லிருந்து 9 ஆகிவிட்டது, வருத்தமில்லை. வீச்சை 10 டெசிபெல்லாகவே வைத்துக்கொள்கிறேன், ஐயா. உண்மையைச் சொன்னால், 15 என்பதை ஒரு கட்டுரையின் அட்டவணையைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இப்போது கன்ட்ரோலில் நிற்கிறேன். கேட் வோல்டேஜை ஏற்ற ஏற்ற, டெசிபெல் கணக்கில் கெயின் நேர்கோட்டில் மாற வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. இப்போது முதலில் மந்தமாகவும் நடுவில் பாய்ந்தும் போகிறது. 5 பிட் டிஜிட்டலாக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?


ஓசூர்வாசி எழுதியது:

நல்ல முன்னேற்றம். டிஜிட்டலாக்கினால் மட்டும் தீராது, தங்கை. எம்2, எம்3 இரண்டையும் 1, 2, 4, 8, 16 என்ற அகலங்களில் வெட்டி, பிட்டைப் பொறுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திறந்தால், 31 சமபங்கு கரண்டுகள் கிடைக்கும். அவை கரண்டில் சமம், டெசிபெல்லில் அல்ல. 31-லிருந்து 30-க்கு இறங்கினால் 0.28 டெசிபெல், 10 டெசிபெல் கீழே, 10-லிருந்து 9-க்கு இறங்கினால் 0.9 டெசிபெல். உங்களுக்கு ஒரு டெசிபெல் படி போதுமென்றால் 5 பிட்டே தாங்கும். தேவையான பத்துப் பன்னிரண்டு பிட் எண்களை மட்டும் ஓர் அட்டவணையில் வைத்து அழையுங்கள். அரை டெசிபெல் வேண்டுமென்றால் 6 பிட்டுக்குப் போங்கள். வெட்டி அமைப்பதில் மற்றொரு ஆதாயமும் உண்டு. திறந்த துண்டு ஒவ்வொன்றும் எப்போதும் அதே கரண்ட் அடர்த்தியில் இயங்குவதால், ஜிஎம்மின் கூட்டுத்தொகை மாறாது; பர்கூர் தம்பி பைபோலாரில் பெற்றதைச் சிமாஸிலேயே பெறலாம்.

அனலாகிலேயே இருப்பதென்றால், கன்ட்ரோல் சர்க்யூட்டில் ஒரு கூட்டல் கரண்டையும் ஒரு கழித்தல் கரண்டையும் வகுத்து, (1 + எக்ஸ்) / (1 - எக்ஸ்) என்ற வடிவை அமைப்பது பழைய வழக்கம். எக்ஸ் -0.4 முதல் +0.4 வரை போனால் 14.7 டெசிபெல் வீச்சு கிடைக்கும். நேர்கோட்டிலிருந்து விலகல் 0.4 டெசிபெல்லைத் தாண்டாது. உங்கள் 10 டெசிபெல்லுக்கு அது தாராளம்.

இரண்டில் எதை எடுத்தாலும், எம்1-இன் பயாஸை நிலையான கரண்டாக வைக்காமல், நிலையான ஜிஎம் தரும் பயாஸ் சர்க்யூட்டிலிருந்து எடுங்கள். சித்திரை வெயிலில் தருமபுரி மொட்டை மாடியில் தகரப் பெட்டிக்குள் இந்தச் சிப் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, 27 பாகை செல்சியஸில் மட்டுமல்லாமல் 85-இலும் 105-இலும் ஓட்டிப் பாருங்கள்.


காவேரிப்பட்டினம் ஆசிரியர் எழுதியது:

லேஅவுட்டுக்குப் போகுமுன் ஒரே ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் விழுகிறார்கள். எம்2-இன் கேட் கன்ட்ரோல் கோடு. அது டிசி கோடுதானே என்று நீளமாக இழுத்துவிடுவார்கள். 30 பிகோஹென்றி அளவுக்குக் கோடு நீண்டாலே 28 ஜிகாஹெர்ட்ஸில் 5 ஓம் ஆகிவிடும். கேஸ்கோடு கேட்டில் இண்டக்டன்ஸ் வந்தால் அந்த டிரான்சிஸ்டர் ஆஸிலேட்டராக மாறப் பார்க்கும். இரு பக்கக் கேட்டுகளையும் டிரான்சிஸ்டரின் அருகிலேயே இணைத்து, அந்த இணைப்பிலேயே ஒரு பிகோஃபாரட்டைக் கிரவுண்டுக்கு வையுங்கள். சமச்சீர் இருக்கும்வரை அந்தப் புள்ளி தானாகவே கிரவுண்டாக நிற்கும். இரு பக்கமும் ஒன்றாக ஆடும் காமன்மோடுக்குத்தான் அந்தக் கெபாசிட்டர். கன்ட்ரோல் பக்கம் 2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் நேரமாறிலி 2 நானோநொடிதான், கெயின் மாற்றத்தின் வேகம் கெடாது. அதன்பின் நிலைப்புத்தன்மையை டிஃபரென்ஷியலில் மட்டும் பார்த்து நின்றுவிடாமல், காமன்மோடிலும், எல்லாக் கெயின் நிலைகளிலும், சுழியிலிருந்து 100 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பாருங்கள். அதில் தேறிய பிறகு சொல்லுங்கள், மேட்சிங்கைப் பார்ப்போம்.